ராஜா வேண்டும் என்கிறதா யூதச் சட்டம், வந்தால் வரட்டும் என்கிறதா?

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை எருசலேம் ஆலய முற்றத்தில் ஒரு மர மேடை போடுவார்கள். நிலத்தைத் தரிசாக விடவேண்டிய ஏழாவது ஆண்டு முடிந்து வரும் கூடாரப் பண்டிகையில், ஆண், பெண், குழந்தை என்று ஜனம் மொத்தமும் திரண்டிருக்க, ராஜா அந்த மேடையில் இருந்துகொண்டு தோராவை, அதாவது மோசேயின் சட்டநூலை, வாசிக்க வேண்டும். சுருள் நேரே அவர் கைக்கு வராது. ஜெப ஆலயப் பணியாள் எடுத்துத் தலைவரிடம் கொடுப்பார், தலைவர் துணை ஆசாரியரிடம், அவர் பிரதான ஆசாரியரிடம், அவர்தான் ராஜாவிடம். ராஜா எழுந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கலாம். அகிரிப்பா ராஜா உட்காராமல் நின்றபடியே வாசித்தார், அறிஞர்கள் மெச்சினார்கள். வாசித்துக்கொண்டே போனவர், 'உன் சகோதரன் அல்லாத அந்நியனை உன்மேல் ராஜாவாக வைக்கக்கூடாது' என்ற வரி வந்ததும் அழுதுவிட்டார். கூட்டம் குரல் கொடுத்தது: "பயப்படாதே அகிரிப்பா, நீ எங்கள் சகோதரன்தான், நீ எங்கள் சகோதரன்தான்!"

ஏன் அழுதார்? பொதுவாக இவரை கி.பி. 41 முதல் 44 வரை யூதேயாவை ஆண்ட முதலாம் அகிரிப்பா என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் அகிரிப்பா என்பாரும் உண்டு. யாராக இருந்தாலும் ஏரோதின் வம்சம். ஏரோதின் முன்னோர் ஏதோமியர், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூத மதத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்கள். ஆக, தன்னைப் பதவிக்குத் தகுதியில்லாதவன் என்று சொல்லும் சட்டத்தை, அந்தப் பதவியில் இருந்துகொண்டே, ஊர் முன்னால் உரக்கப் படிக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்லும் மிஷ்னா, அதாவது ரப்பிகளின் பழைய சட்டத்தொகுப்பு, இத்தோடு முடித்துக்கொள்கிறது. படிப்பவருக்கும் மனசு இளகிவிடும். மிஷ்னாவுக்குப் பிற்பாடு எழுந்த பெரிய விவாத உரையான தல்மூத் அப்படி விடவில்லை. அகிரிப்பாவுக்கு முகஸ்துதி செய்த அந்த நொடியிலேயே 'இஸ்ரவேலின் எதிரிகள்' அழிவுக்கு உரியவர்கள் ஆனார்கள் என்கிறது. (எதிரிகள் என்று சொன்னாலும் அர்த்தம் இஸ்ரவேல்தான். கெட்டதை நம் வீட்டுப் பெயரோடு சேர்த்துச் சொல்லக்கூடாது என்று வார்த்தையை மாற்றிப் போடுகிறார்கள்.) எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ராஜாவை நியமிப்பது பற்றிய யூதச் சட்டத்தில் பாதி, யார் ராஜாவாகலாம் என்பது. மீதிப் பாதி, வந்து உட்கார்ந்துவிட்ட ராஜாவிடம் இல்லை என்று சொல்வது யார் என்பது. முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கிறது. இரண்டாவதில்தான் மூச்சு முட்டுகிறது.

மூலம் என்று பார்த்தால் மொத்தம் ஏழே வசனம், உபாகமம் 17ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. நீ தேசத்துக்குப் போய்க் குடியேறிய பிறகு, 'சுற்றியிருக்கிற எல்லா ஜனங்களையும் போல எனக்கும் ஒரு ராஜா வேண்டும்' என்று சொன்னால், கடவுள் தேர்ந்தெடுப்பவனை வை. உன் சகோதரர்களில் ஒருவனாக இருக்கட்டும். அவன் குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது. இந்தச் சட்டத்தைத் தனக்கென ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் படிக்க வேண்டும். தன் சகோதரர்களுக்கு மேலே அவன் மனசு உயர்ந்துவிடக்கூடாது. அவ்வளவுதான். அவன் என்ன செய்யலாம் என்று ஒரு வரி கூட இல்லை, கவனித்தீர்களா?

சண்டை முதல் வாக்கியத்திலேயே தொடங்குகிறது. 'நீ கேட்டால் வை' என்பது கட்டளையா, அனுமதியா? எபிரேயத்தில் 'வை' என்ற வினை இரட்டித்து வருகிறது, ஏறக்குறைய 'வைத்தே தீர்' என்கிற தொனி. அதைப் பிடித்துக்கொண்டால் கட்டளை. ஆனால் 1 சாமுவேல் 8இல் ஜனங்கள் போய் ராஜா கேட்டதும் தீர்க்கதரிசி சாமுவேலுக்குக் கோபம் வருகிறது, கடவுளும் 'அவர்கள் தள்ளிவிட்டது உன்னை அல்ல, என்னை' என்கிறார். கட்டளையை நிறைவேற்றப் போனவனுக்கு ஏன் திட்டு?

தல்மூத்தில் சன்ஹெத்ரின் பகுதியில் இதை நேருக்கு நேர் மோதவிட்டிருக்கிறார்கள். ரப்பி யெகுதா சொல்கிறார்: தேசத்துக்குள் போனதும் மூன்று கட்டளைகள் உண்டு, ராஜாவை ஏற்படுத்துவது, பரம எதிரிகளான அமலேக்கியரை ஒழிப்பது, ஆலயம் கட்டுவது. ரப்பி நெகோராய் சொல்கிறார்: அதெல்லாம் இல்லை, இவர்கள் ஒரு நாள் முணுமுணுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துதான் அந்தப் பகுதியே சொல்லப்பட்டது. மூன்றாவதாக ஒருவர் நடுவே வந்து, பெரியவர்கள் ஒழுங்காகத்தான் கேட்டார்கள், 'எங்களை நியாயம் விசாரிக்க ஒரு ராஜா' என்றார்கள். பாமரர்கள்தான் 'எல்லா ஜனங்களையும் போல' என்று சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். பழியைக் கூட்டத்தின் மேல் போடுவது எந்தக் காலத்திலும் சுலபம்தான்.

மைமோனிடீஸ் முதல் கட்சி. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்துகொண்டு யூதச் சட்டம் முழுவதையும் 14 பாகங்களில் தொகுத்த அவர், கடைசிப் பாகத்தின் கடைசிப் பகுதியை ராஜாக்களுக்கு ஒதுக்கினார். முதல் வரியே அந்த மூன்று கட்டளைகள்தான். சாமுவேலின் கோபத்துக்கு அவர் சொல்லும் விளக்கம்: கேட்டது தப்பில்லை, கேட்ட விதம் தப்பு, கட்டளையை நிறைவேற்றும் எண்ணத்தில் கேட்கவில்லை, சாமுவேல் மேல் சலிப்பு வந்துதான் கேட்டார்கள்.

எதிர்க்கட்சியில் நிற்பவர்களில் டான் இட்சாக் அபார்பனேலை விட எனக்குச் சுவாரசியமானவர் யாருமில்லை, ஏனென்றால் இந்த மனிதர் ராஜாக்களை ஏட்டில் பார்த்தவர் அல்ல. 1437இல் லிஸ்பனில் பிறந்தார். போர்ச்சுகல் அரசரின் நிதி நிர்வாகத்தில் இருந்தார், அடுத்த அரசர் காலத்தில் சதிக் குற்றச்சாட்டு வந்து 1483இல் தப்பி ஓடினார். ஸ்பெயினில் ஃபெர்டினாண்ட், இசபெல்லா தம்பதிக்கு வேலை பார்த்தார். அதே தம்பதி 1492இல் யூதர்கள் எல்லாரையும் நாட்டைவிட்டு விரட்டினார்கள். பிறகு நேப்பிள்ஸ், கடைசியில் வெனிஸ். அவர் எழுதுகிறார்: ஒரு ஜனத்துக்கு ராஜா அவசியமே இல்லை, வெனிஸைப் பாருங்கள், ஃபுளோரன்ஸைப் பாருங்கள், தவணைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர்களை வைத்துக்கொண்டு நன்றாகத்தானே நடக்கிறது? உபாகமத்தின் வசனத்துக்கு அவர் காட்டும் ஒப்பீடு, போரில் பிடிபட்ட அழகான பெண்ணைப் பற்றிய சட்டம். அவளை மணந்துகொள் என்று தோரா கட்டளையிடவில்லை. நீ எப்படியும் ஆசைப்படத்தான் போகிறாய், ஆசைப்பட்டால் இந்த முறைப்படி நட என்கிறது. ராஜாவும் அப்படித்தான் என்கிறார். அரண்மனைகளில் சம்பளம் வாங்கி, அரண்மனைகளால் துரத்தப்பட்டு, அதன்பின் இதை எழுதிய கை அது.

சரி, கட்டளை என்றே வைத்துக்கொள்வோம். எப்படி நியமிப்பது? எழுபது பெரியவர்களின் நீதிமன்றமும் ஒரு தீர்க்கதரிசியும் சேர்ந்துதான் நியமிக்க முடியும் என்கிறார் மைமோனிடீஸ். யோசுவாவை மோசேயும் அவர் நீதிமன்றமும், முதல் ராஜா சவுலையும் பின்னால் வந்த தாவீதையும் சாமுவேலும் அவர் நீதிமன்றமும் ஏற்படுத்தியது போல. புது வம்சம் என்றால் அபிஷேகம் வேண்டும், ஒரு நீரூற்றின் பக்கத்தில், ஆட்சி ஊற்றைப் போல வற்றாமல் ஓட வேண்டும் என்று. ஆசாரியருக்கு எண்ணெய் பூசுவதற்கும் ராஜாவுக்குப் பூசுவதற்கும் வடிவமே வேறு. ராஜாவுக்குத் தலையைச் சுற்றி கிரீடம் மாதிரி வளையமாகத் தடவுவார்கள். ராஜாவின் மகன் ராஜாவானால் எண்ணெய் கிடையாது, வாரிசாகத் தானே வந்துவிடும். தகராறு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. தாவீதின் மகன் சாலொமோனுக்கு கீகோன் ஊற்றருகே எண்ணெய் ஊற்றியது, அண்ணன் அதோனியா அதற்குள் தனக்குத் தானே பட்டாபிஷேக விருந்து வைத்துக்கொண்டிருந்ததால்தான்.

இதில் ஜனங்கள் எங்கே? சட்டத்தொகுப்பில் அவ்வளவாகக் கண்ணில் படமாட்டார்கள், கதைகளில் படுவார்கள். சவுலைச் சாமுவேல் முதலில் தனியாக அபிஷேகம் செய்கிறார்; பிறகு மிஸ்பாவில் சீட்டுப் போட்டு அவர் பெயர் வரும்போது ஆளையே காணோம், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறார். தாவீதுக்குச் சாமுவேல் எண்ணெய் ஊற்றி வெகுகாலம் கழித்துத்தான் எப்ரோனில் யூதா கோத்திரம் ஏற்கிறது, அதற்கும் ஏழரை ஆண்டுக்குப் பிறகே மற்றக் கோத்திரங்கள் வந்து உடன்படிக்கை செய்கின்றன. இடைப்பட்ட காலத்தில் அவர் ராஜாவா இல்லையா? தல்மூத் இதை அபிகாயில் வாயால் கேட்க வைக்கிறது. நாபால் என்கிற பணக்காரன் தாவீதை அவமதித்துவிட்டான், தாவீது அவனைக் கொல்லக் கிளம்பிவிட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் வழிமறிக்கிறாள். மரண வழக்கை ராத்திரியில் விசாரிப்பார்களா என்கிறாள். அவன் ராஜத் துரோகி, விசாரணையே தேவையில்லை என்கிறார் தாவீது. அதற்கு அவள்: சவுல் இன்னும் உயிரோடிருக்கிறார், உங்கள் நாணயம் இன்னும் உலகத்தில் புழங்க ஆரம்பிக்கவில்லையே! தீர்க்கதரிசியின் எண்ணெய் தலையில் காய்ந்து பல நாள் ஆகியும், மக்கள் கையில் காசு புழங்காதவரை ராஜா இல்லை என்று ஒரு பெண் வாதாடி ஜெயிக்கிறாள்.

யாரெல்லாம் ஆகக்கூடாது என்ற பட்டியல் சங்கடமானது. அந்நியன் கூடாது; மதம் மாறி வந்தவரின் வம்சத்தில் தாய் இஸ்ரவேலராக இருக்க வேண்டும். பெண் கூடாது, 'ராஜா' என்றுதான் எழுதியிருக்கிறது, ராணி என்று இல்லையாம். இத்தனைக்கும் கி.மு. 76 முதல் 67 வரை ஆண்ட ஷ்லோம்சியோன் ராணியின் காலத்தில், யாரும் வெளியே போகாத வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும் மழை பெய்து, பருப்பு பொன்காசு அளவுக்கு விளைந்தது என்று அதே ரப்பிகள்தான் புகழ்ந்திருக்கிறார்கள். இறைச்சிக்காரர், நாவிதர், குளியலறைப் பணியாள், தோல் பதனிடுபவர் ஆகியோரும் கூடாது. ஒரு நாள் அந்த வேலை செய்திருந்தாலும் போச்சு. அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை, ஜனங்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம் என்கிறார் மைமோனிடீஸ். இந்தச் சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. ஜனங்களின் இளக்காரத்தைத் திருத்த வேண்டிய சட்டம் அதற்கு முதுகை வளைத்துக் கொடுக்கிறது.

பெண் கூடாது என்பதை மைமோனிடீஸ் ராஜாவோடு நிறுத்தாமல் எல்லாப் பொதுப் பதவிகளுக்கும் நீட்டிவிட்டார். அதன் விளைவு ஏட்டோடு போகவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் பாலஸ்தீனத்து யூதர்கள் தங்களுக்கென ஒரு பிரதிநிதி சபை தேர்ந்தெடுக்க முனைந்தபோது, பெண்கள் ஓட்டுப் போடலாமா, நிற்கலாமா என்று பெரிய தகராறு. ரப்பி கூக் கூடாது என்றார். ரப்பி உசியேல் போடலாம், நிற்கவும் செய்யலாம் என்றார்: நீதிமன்றம் ஒருவரைத் தலையில் வைப்பது நியமனம், ஜனங்களே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொள்வது நியமனம் அல்ல, சம்மதம், தடை முதலாவதற்குத்தான். அபிகாயில் கேட்டதன் இன்னொரு முகம் இது.

அப்புறம் கட்டுப்பாடுகள். இவை வெறும் அறிவுரை அல்ல, ராஜாவுக்குச் சவுக்கடி வாங்கித் தரக்கூடியவை. மனைவிகள் 18க்கு மேல் கூடாது. குதிரைகள் தேருக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். தேருக்கு முன்னால் பகட்டாக ஓடுவதற்கென்று ஒரே ஒரு உபரிக் குதிரை வைத்தாலும் அடி உண்டு. பொன்னும் வெள்ளியும் படைக்குச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு. தோரா பொதுவாகக் கட்டளைகளுக்குக் காரணம் சொல்வதில்லை, இங்கே இரண்டுக்குச் சொல்லிவிட்டது: மனைவிகள் மனசைத் திருப்பிவிடுவார்கள், குதிரைக்காக எகிப்துக்குப் போக வேண்டிவரும். அதுதான் வினை என்கிறது தல்மூத். சாலொமோன் காரணத்தைப் படித்தார், 'நான் பெருக்குவேன், ஆனால் மனசு திரும்பாது' என்றார். எழுநூறு மனைவிகள், முந்நூறு மறுமனையாட்டிகள், எகிப்திலிருந்து குதிரை ஒன்று 150 வெள்ளிக்காசு. காரணம் தெரிந்தால் கெட்டிக்காரன் தனக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடுவான்.

தோராச் சுருள் விஷயமும் அழகு. அப்பா விட்டுப்போன சுருள் இருந்தாலும் செல்லாது, தனக்கென்று ஒன்று எழுதியே ஆகவேண்டும். ஒன்று கருவூலத்தில் இருக்கும். இன்னொன்று எப்போதும் கூடவே வரும், போருக்கும் நீதி ஆசனத்துக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும். குளியலறை, கழிவறைக்கு மட்டும் இல்லை. தாயத்து மாதிரி சின்னதாகச் செய்து கையில் கட்டிக்கொள்வான் என்கிறது தல்மூத். ஜெபத்தில் சாதாரண ஆள் முதல் பகுதியிலும் நன்றி சொல்லும் பகுதியிலும் குனிந்தால் போதும். பிரதான ஆசாரியர் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் குனிய வேண்டும். ராஜா ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும். ஒருமுறை குனிந்தால் ஜெபம் முடியும்வரை நிமிரவே கூடாது என்றும் ஒரு கருத்து உண்டு. மறுபக்கம் அவன் குதிரையில் யாரும் ஏறக்கூடாது, ஆசனத்தில் உட்காரக்கூடாது, முடி வெட்டும்போது பார்க்கக்கூடாது. 'பரவாயில்லை, எனக்கு மரியாதை வேண்டாம்' என்று அவனே சொன்னாலும் அது செல்லாது. வெளியே மலையளவு மரியாதை, உள்ளே முதுகு வளைந்தே இருக்க வேண்டும்.

இதெல்லாம் மிஷ்னாவில் எழுத்தில் ஏறியது கி.பி. 200 வாக்கில், ராஜா போய், ஆலயமும் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. ராஜா இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் முடி வெட்டிக்கொள்வதற்குச் சட்டம் செய்திருக்கிறார்கள்.

இனி அந்த மூச்சு முட்டும் கேள்வி. சாமுவேல் ஜனங்களை எச்சரிக்கும்போது, ராஜா உங்கள் பிள்ளைகளை எடுப்பான், பெண்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுப்பான், நல்ல வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான் என்று ஒரு பட்டியல் போடுகிறார். இது ராஜாவின் உரிமைப் பட்டியலா, பயமுறுத்தலா? சட்டம்தான், ராஜாவுக்கு அனுமதி உண்டு என்றார் தல்மூத் கால அறிஞர் ஷ்முவேல். மிரட்டுவதற்குச் சொன்னது என்றார் இன்னொரு அறிஞர் ராவ். மைமோனிடீஸ் ஷ்முவேல் பக்கம் போகிறார்.

அனுமதி உண்டென்றால் ஆகாப் ராஜா செய்த பாவம் என்ன? நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அரண்மனையை ஒட்டியிருந்தது. ஆகாப் மரியாதையாகத்தான் கேட்டார், வேறு நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன் என்று. நாபோத் முன்னோர் சொத்தைத் தரமாட்டேன் என்றான். ராஜா வீட்டுக்குப் போய், முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்கிறார். அப்புறம் அவர் மனைவி யேசபேல் பொய்ச் சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல வைத்தாள். எடுத்துக்கொள்ள உரிமை இருந்தால் இந்தக் கொலையே எதற்கு என்று இடைக்காலத்து பிரெஞ்சு, ஜெர்மன் உரைகாரர்களான தோசாஃபோத்கள் கேட்டார்கள். ராஜா ஊழியருக்காக எடுக்கலாம், தனக்காக அல்ல. பரம்பரைச் சொத்தைத் தொட முடியாது. முழு இஸ்ரவேலையும் ஆளும், கடவுள் நியமித்த ராஜாவுக்குத்தான் அந்த உரிமை, ஆகாப் அப்படிப்பட்டவன் அல்ல. ஒரு பதில் போதாமல் இப்படி அடுக்குகிறார்கள் என்றாலே பயம் தெரிகிறது. குற்றச்சாட்டைப் பாருங்கள்: நாபோத் 'கடவுளையும் ராஜாவையும்' சபித்தான் என்பது. கடவுளைச் சபித்தவன் சொத்து பிள்ளைகளுக்குப் போகும். ராஜத் துரோகியின் சொத்து ராஜாவுக்குப் போகும் என்று தல்மூத்தில் ஒரு கருத்து. 'ராஜாவையும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் தோட்டம் இருக்கிறது. யேசபேலுக்கு நல்ல வக்கீல் மூளை.

ராஜாவை நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா? ஒருமுறை முயன்றார்கள் என்கிறது தல்மூத். யன்னாய் ராஜாவின் அடிமை ஒருவன் கொலை செய்துவிட்டான். ஷிமோன் பென் ஷெத்தாக் சக நீதிபதிகளிடம் தைரியமாக விசாரிப்போம் என்றார். அடிமையை அனுப்பி வைத்தார் ராஜா. முட்டுகிற மாட்டுக்குச் சொந்தக்காரனும் வர வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று ஆள் போனது. வந்தார், உட்கார்ந்தார். "யன்னாய் ராஜாவே, எழுந்து நில், எங்கள் முன்னால் அல்ல, உலகைப் படைத்தவர் முன்னால் நிற்கிறாய்" என்றார் ஷிமோன். "நீ சொன்னால் இல்லை, உன் சகாக்கள் சொல்லட்டும்" என்றார் ராஜா. ஷிமோன் வலப்பக்கம் திரும்பினார், தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். இடப்பக்கம் திரும்பினார், அங்கேயும் தரை. காபிரியேல் தூதன் வந்து அவர்களை அந்தத் தரையிலேயே அறைந்து கொன்றானாம். அன்றிலிருந்து விதி: ராஜா தீர்ப்புச் சொல்லக்கூடாது, அவனுக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தாவீது வம்ச ராஜாக்களுக்கு இது பொருந்தாது, அவர்களை விசாரிக்கலாம் என்று பிற்பாடு வரம்பு போட்டார்கள். ஆனால் அந்த வம்சம் அப்போது ஆட்சியில் இல்லை. விசாரிக்கத் தகுந்த ராஜா இல்லை, இருந்த ராஜாவை விசாரிக்க முடியவில்லை. இது தத்துவம் பேசி வந்த விதி அல்ல, பயந்து வந்த விதி. அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்றைக்கு இந்தச் சட்டம் உறைந்து கிடக்கிறது. நியமிக்கத் தீர்க்கதரிசி வேண்டும், தீர்க்கதரிசனம் ஓய்ந்துவிட்டது என்பது ரப்பிகளின் நம்பிக்கை. அந்தப் பெரியவர்களின் நீதிமன்றமும் இல்லை. மைமோனிடீஸ் மேசியாவைப் பற்றிப் பேசும் இடத்தில், தாவீது வம்சத்தில் ஒரு ராஜா எழுவான் என்றுதான் எழுதுகிறார், யார் அவனை நியமிப்பது என்று அங்கே சொல்லவில்லை. எலியா தீர்க்கதரிசி வந்து அந்த இடத்தை நிரப்புவார் என்று சமாளிப்பவர்கள் உண்டு.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வொலோஜின் கல்விக்கூடத்தை நடத்திய நெட்ஸிவ், அரசமுறை ஒவ்வொரு ஜனத்தின் சுபாவத்தையும் பொறுத்தது, ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குக் கேடு. அதனால்தான் தோரா 'நீ கேட்டால்' என்று ஜனங்களின் விருப்பத்தில் விட்டது என்றார். பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்ற அதே கூக், ராஜா இல்லாத காலத்தில் ராஜாவின் அதிகாரங்கள் ஜனத்தின் கைக்கே திரும்புகின்றன என்று எழுதினார். 1948க்குப் பிறகு தேர்தலில் வந்த அரசுக்கு மதச் சட்டத்தில் என்ன இடம் என்று யோசித்த ரப்பிகள் பலர் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் கூக்கின் அந்த வரிதான்.

அந்த மேடை வாசிப்பையும் 20ஆம் நூற்றாண்டில் நினைவுச் சடங்காக மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஆலயம் இல்லாததால் மேற்குச் சுவருக்கு முன்னால் நடக்கிறது. கடைசியாக 2022இல் நடந்தது, அடுத்தது 2029. ராஜா இல்லை, இஸ்ரேலின் குடியரசுத் தலைவர்கள் வந்து தோராவிலிருந்து வாசித்திருக்கிறார்கள். அந்தப் பதவிக்கு நாடாளுமன்றம் ரகசிய ஓட்டில் ஆள் தேர்ந்தெடுக்கிறது, ஒரே ஒரு தவணை, அதுவும் ஏழு வருஷம்.